மண்ணுக்கு என்ன கோளாறு? அறிகுறியை வைத்துப் பிடிக்கும் வழி

எங்கள் நிலம் வேடசந்தூர் பக்கம். மூன்றரை ஏக்கர் செம்மண், பெரும்பகுதி மானாவாரி, ஒரு மூலைக்கு மட்டும் கிணற்றுப் பாசனம். பயிர் வாடினால் உரக்கடைக்கு ஓடுவது, அவர் எடுத்துக் கொடுக்கிற பாட்டிலை அடிப்பது, அது கேட்காவிட்டால் அடுத்த பாட்டில் என்று ஏழெட்டு வருடம் ஓட்டியவன் நான். அந்தக் காலத்தில் ஒரு தடவைகூட மண்ணைத் தோண்டிப் பார்த்ததில்லை. இலையைப் பார்த்தே எல்லாவற்றையும் முடிவு செய்துகொண்டிருந்தேன். கீழே எழுதியிருப்பது எல்லாம் தோண்ட ஆரம்பித்த பிறகு கற்றுக்கொண்டது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்த இரண்டு வேலை

ஒன்று, குழி. பயிர் நன்றாக இருக்கும் இடத்தில் ஒன்று, மோசமாக இருக்கும் இடத்தில் ஒன்று. முழங்கால் ஆழம் போதும், முடிந்தால் இடுப்பளவு. ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் செதுக்கிவிட்டு உட்கார்ந்து பாருங்கள்.

எங்கள் குழியில் மேலே ஒரு சாண் பழுப்பு கலந்த சிவப்பு, கையில் பொலபொலவென்று உதிரும். அதற்குக் கீழே சிவப்பு அடர்த்தியாகிறது, மண்ணும் பிசுபிசுக்கிறது. மழைத் தண்ணீர் பல்லாயிரம் வருடமாக மேலிருந்து களித்துகளைக் கழுவிக் கீழே சேர்த்ததால் வந்த அடுக்கு அது. இன்னும் கீழே போனால் பாறை மாதிரி ஒன்று தெரியும், ஆனால் நகத்தால் கீறினால் பொடியும். பாறையின் வெள்ளை, கருப்பு வரிகள் அப்படியே இருக்கும், உறுதி மட்டும் போயிருக்கும். அதுதான் மண் பிறக்கிற இடம். பாறையில் இருக்கும் ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் லேசான அமிலமுள்ள மழைநீரில் ஊறி ஊறிக் களியாகிறது, குவார்ட்ஸ் எதற்கும் மசியாமல் மணலாகத் தங்கிவிடுகிறது, கருப்புக் கனிமங்களில் இருந்த இரும்பு துருப்பிடித்துச் சிவப்பு தருகிறது. செம்மண்ணின் சிவப்பு என்பது துரு, அவ்வளவுதான். ஓர் அங்குல மண் இப்படி உண்டாகப் பல நூறு வருடம் ஆகும். ஒரே ஒரு கோடை மழையில் வரப்பு உடைந்து அந்த ஓர் அங்குலம் ஓடைக்குப் போவதையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டு, டம்ளர் சோதனை. மேல்மண்ணிலிருந்து நிலக்கடலை அளவு கட்டி நான்கைந்து எடுத்து, நிழலில் நன்றாகக் காயவைத்து, ஒரு கண்ணாடி டம்ளரில் மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றி மெதுவாக உள்ளே விடுங்கள். போர்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு முடிவை மாற்றிவிடும். கலக்கவும் கூடாது. பத்து நிமிடம் கழித்து ஒரு தடவை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பாருங்கள். கட்டி கட்டியாகவே நின்றால் மண் நல்ல கட்டுமானத்தோடு இருக்கிறது. பொலபொலவென்று இடிந்து விழுந்து, தண்ணீர் மட்டும் தெளிவாக இருந்தால் மண்ணை ஒட்டவைக்கும் பசை குறைவு, அதாவது மக்கும் பொருள் போதவில்லை. கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கல் பரவினால் சோடியம் அதிகம், கதையே வேறு. இந்த மூன்று விடையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

மழை பெய்து வெயில் அடித்ததும் மேலே ஓடு கட்டுகிறது, முளை வெளியே வர முடியவில்லை

செம்மண்காரர்களின் பழைய தலைவலி. எள், கம்பு, ராகி மாதிரி சின்ன விதைகள் விதைத்த மூன்றாவது நாள் ஒரு மழை, அடுத்த நாள் நல்ல வெயில், முடிந்தது. ஓட்டைப் பெயர்த்துப் பார்த்தால் முளை அடியில் வளைந்து சுருண்டு கிடக்கும்.

காரணம் மழைத்துளி. வெறும் மண்ணில் அடிக்கிற ஒவ்வொரு துளியும் ஒரு மண்துணுக்கை உடைக்கிறது, உடைந்த நுண்துகள் பக்கத்திலிருக்கும் துளைகளை அடைக்கிறது, காய்ந்ததும் பூசி மெழுகிய தரை. டம்ளர் சோதனையில் உங்கள் கட்டி இடிந்து விழுந்திருந்தால் இதுதான் நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இப்போதைக்கு: முளை இன்னும் உள்ளே இருந்தால் தெளிப்பான் வைத்து லேசாக நனைத்து ஓட்டை இளக்குங்கள். தண்ணீர் வசதி இல்லாதவர்கள் முள்செடியைக் கட்டி இழுத்து ஓட்டைக் கீறிவிடுவது எங்கள் ஊரில் இன்றும் உண்டு. ஆழமாக இழுத்தால் முளையும் போய்விடும், பார்த்து.

நிரந்தரமாக: மண்துணுக்கைச் சேர்த்துப் பிடித்திருப்பது யார் என்று பார்க்க வேண்டும். வேர் கசியவிடும் சர்க்கரையைத் தின்று பாக்டீரியா ஒரு கோந்தை வெளியே விடுகிறது. பூஞ்சை இழைகள் மண்துகள்களைச் சுற்றி வலை போடுகின்றன. மண்புழு மண்ணைத் தின்று கழிக்கும் உருண்டை இன்னும் உறுதி. இவை எல்லாவற்றுக்கும் சாப்பாடு இலை, வேர், சாணம். சாப்பாடு நின்றால் பசை நிற்கும், பசை நின்றால் ஓடு வரும்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை சுமார் 900 டன். அதன் கரிமச் சத்தை, அதாவது மக்கிய பொருளில் உள்ள கார்பனை, 0.4 சதவீதத்திலிருந்து 0.5க்கு உயர்த்த 900 கிலோ கார்பன் மண்ணில் தங்க வேண்டும். ஒரு டிராக்டர் எரு மூன்று டன் என்றால் பாதி தண்ணீர், மீதி ஒன்றரை டன்னில் கார்பன் ஏறக்குறைய அரை டன், அதிலும் பெரும்பகுதியை நம்ம ஊர் வெயிலில் நுண்ணுயிர்கள் சில வருடத்தில் எரித்துவிடும். ஆக, வருடத்துக்கு ஒரு லோடு அடிப்பவர் இருக்கிறதைக் காப்பாற்றுகிறார், அவ்வளவுதான். எருவை மட்டும் நம்பாமல் பயிரின் தட்டையைக் கொளுத்தாமல் விடுவது, மூடாக்கு (மண்ணை இலைதழையால் மூடிவைப்பது), கோடை மழைக்குச் சணப்பை, கொழிஞ்சி மாதிரி ஒரு பசுந்தாள் செடியை விதைத்து மடக்கி உழுவது, கிடை போடுகிறவர்கள் வந்தால் நாலு ராத்திரி ஆட்டை அடைப்பது என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வரவு வைக்க வேண்டும். கண்மாய்க் கரம்பை (கண்மாய் அடியில் படிந்த மண்) கிடைத்தால் விடாதீர்கள். செம்மண்ணுக்குக் குறைவாக இருக்கிற களியும் வண்டலும் அதில் இருக்கின்றன, ஒரு தடவை போட்டால் பல வருடம் நிற்கும். ஆனால் அடிக்கும் முன் அந்தக் கரம்பையையே டம்ளர் சோதனை செய்து பாருங்கள். பால் கலங்கல் வருகிற கண்மாயிலிருந்து கொண்டுவந்து கொட்டினால் வினையைக் காசு கொடுத்து வாங்குகிற கதைதான்.

தண்ணீர் தேங்கி நிற்கிறது, கீழே இறங்கவில்லை

இதற்கு இரண்டு காரணம், வைத்தியம் நேர் எதிர், அதனால் பிரித்துப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

மழைக்கு மறுநாள் ஒரு பென்சில் தடிமன் கம்பியை நிதானமாக மண்ணில் இறக்குங்கள். சுலபமாகப் போய்க்கொண்டே இருந்து ஒரு சாணில் சட்டென்று நின்றால், நிலத்தில் பத்து இடத்தில் குத்தினாலும் அதே ஆழத்தில் நின்றால், அது உழவு போட்ட தட்டு. ஒரே கலப்பை, ஒரே ஆழம், வருடா வருடம், அதுவும் ஈரம் காயும் முன் டிராக்டரை இறக்கியதால் அடியில் மண் அழுந்திக் கெட்டியாகிவிட்டது. ரோட்டவேட்டர் மேலே பூ மாதிரி ஆக்கிக் காட்டும், அடியில் இருக்கிற தட்டைத் தொடாது. குழிச் சுவரில் பருத்தி வேரைத் தேடுங்கள். நேராக இறங்க வேண்டிய ஆணிவேர் அந்த இடத்தில் "ட" எழுத்து மாதிரி மடங்கிப் பக்கவாட்டில் போயிருக்கும். நான் முதன்முதலில் அதைப் பார்த்த அன்று மூன்று வருடத்து மகசூல் எங்கே போனது என்று புரிந்தது.

இதற்கு உளிக்கலப்பை. கோடையில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசை ஓட்டி, பிறகு குறுக்கே ஓட்ட வேண்டும். காய்ந்த மண்தான் உடையும். ஈரத்தில் ஓட்டினால் வெண்ணெயில் கத்தி விட்ட மாதிரி ஒரு கோடு விழுந்து மூடிக்கொள்ளும், வாடகைதான் மிச்சம். உடைத்த கையோடு துவரை, ஆமணக்கு, சணப்பை போன்ற ஆழவேர்ப் பயிர் ஒன்றை விதையுங்கள், அந்த வேர் போன வழியில்தான் அடுத்த பயிரின் வேரும் தண்ணீரும் போகும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும். கம்பி நிற்கிற ஆழம் இடத்துக்கு இடம் மாறி, தோண்டினால் சரளையோ சுக்கான் கல்லோ வந்தால் அது இயற்கையாகவே உள்ளது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், மேலோட்ட வேர்ப் பயிருக்கு மாறுங்கள்.

கம்பி தாராளமாக இறங்குகிறது, ஆனாலும் தண்ணீர் நிற்கிறது, நிற்கிற தண்ணீர் இரண்டு நாளானாலும் தெளியவில்லை என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

மேலே வெள்ளை பூத்திருக்கிறது, அல்லது கருப்பாகப் பிசுபிசுவென்று படிந்திருக்கிறது

எல்லோரும் "களர் உவர்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் வேறு.

உவர் என்றால் கரையும் உப்பு அதிகம். வெயிலில் வெள்ளைப் படிவு தெரியும், மண் என்னவோ பொலபொலவென்றுதான் இருக்கும், தண்ணீர் இறங்கும், பயிர் ஈரம் இருந்தும் வாடும். பரிசோதனை அறிக்கையில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன் 4ஐத் தாண்டியிருக்கும். நல்ல தண்ணீரைக் கட்டி வடித்தால் உப்பு கழுவிக்கொண்டு போய்விடும், வடிகால் மட்டும் வேண்டும்.

களர் என்றால் களித்துகளைச் சோடியம் பிடித்துக்கொண்டிருக்கிறது. சோடியம் ஒட்டிய களித்துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கும், துளை எல்லாம் அடைபடும். டம்ளரில் வந்த பால் கலங்கல் இதுதான். பிஹெச் 8.5க்கு மேல், மாறும் சோடியம் (களித்துகள் பிடித்துவைத்திருப்பதில் சோடியத்தின் பங்கு) 15 சதவீதத்துக்கு மேல். மக்கிய பொருள் கரைந்து மேலே வந்து காய்வதால் சில இடத்தில் கருப்புப் படிவு தெரியும். ஈரமானால் சேறு, காய்ந்தால் கல்.

களரில் வெறும் தண்ணீரைக் கட்டிக் கழுவுகிறேன் என்று இறங்கினால் நிலைமை மோசமாகும், ஏனென்றால் மீதமிருந்த உப்பும் போய்ச் சோடியம் தன் வேலையை முழுமூச்சாகக் காட்டும். முதலில் ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், தள்ளப்பட்ட சோடியத்தைத் தண்ணீரோடு வெளியேற்ற வேண்டும். வரப்பைக் கட்டி, ஜிப்சம் தூவி, தண்ணீர் கட்டிக் கலக்கி, ஒரு நாள் நிறுத்தி வடிகால் வழியே விட்டுவிட்டு, மறுபடி கட்ட வேண்டும். எவ்வளவு ஜிப்சம் என்பதைப் பரிசோதனை நிலையத்தில் கணக்கிட்டுச் சொல்வார்கள், பக்கத்து வயல்காரர் போட்ட மூட்டை எண்ணிக்கையை நகல் எடுக்காதீர்கள். பிறகு தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் செடியை விதைத்து, பூக்கிற சமயம், ஏறக்குறைய 45ஆம் நாள், மடக்கி உழவு. திருச்சி மணிகண்டம் பக்கம் என் மாமா வயல் இப்படித்தான் மூன்று பட்டத்தில் வழிக்கு வந்தது, அதுவரை களரைத் தாங்கும் டிஆர்ஒய் 3 நெல் ரகம்தான் சோறு போட்டது. பாசனத் தண்ணீரையும் மண்ணோடு சேர்த்துச் சோதனைக்குக் கொடுங்கள். சோடியத்தைக் கொண்டுவருவதே போர்த் தண்ணீர் என்றால் ஒரு பக்கம் ஜிப்சம், மறுபக்கம் சோடியம், பாழாய்ப் போவது உங்கள் பணம்.

எரு, உரம் எல்லாம் போட்டும் பயிர் மஞ்சளாக நிற்கிறது

எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள்.

அடி இலை, பழைய இலை வெளுத்தால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவு. செடி அதைப் பழைய இலையிலிருந்து உருவிப் புதுத் தளிருக்கு அனுப்பிவிடும். இதில் நான் வாங்கிய அடி தனி. ஒரு வருடம் மலிவாகக் கிடைத்ததே என்று மக்காத தென்னை நார்க்கழிவை இரண்டு லோடு கொட்டி உழுது மக்காச்சோளம் போட்டேன். இருபதாம் நாள் வயலே வெளிறிப்போனது. கடையில் நுண்ணூட்டக் கலவை கொடுத்தார்கள், அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. நடந்தது இதுதான்: நுண்ணுயிரின் உடம்பில் எட்டுப் பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருக்கும். மூச்சு விடுவதில் அது எரிக்கும் கார்பனையும் சேர்த்தால் அதன் சாப்பாட்டில் 24க்கு 1 என்ற விகிதம் வேண்டும். மக்காத நார்க்கழிவில் அது நூறுக்கு மேல், வைக்கோலிலும் அறுபது எண்பது. பற்றாக்குறைக்கு நுண்ணுயிர் எங்கே போகும்? மண்ணில் இருக்கும் தழைச்சத்தை வழித்துத் தின்றுவிடும், பயிர் பட்டினி கிடக்கும். கொஞ்சம் யூரியாவை மேலுரமாகக் கொடுத்திருந்தால் போதும், அல்லது முதலிலேயே மக்கவைத்துப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கழிவு வீணாகவில்லை என்பதையும் சொல்லவேண்டும், நுண்ணுயிர்கள் செத்து அடைத்து வைத்ததைத் திருப்பிக் கொடுத்தன, அடுத்த பட்டத்து உளுந்து அருமையாக வந்தது.

குருத்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. நிலக்கடலையில் திட்டுத் திட்டாக வரும். செம்மண்ணில் துருவே நிறம் என்றேனே, பிறகெப்படி இரும்புப் பஞ்சம் என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் சுண்ணாம்பு அதிகமான இடத்தில் கரைய மாட்டேன் என்கிறது. அந்தத் திட்டிலிருந்து மண் எடுத்து வினிகர் விட்டால் நுரை பொங்கும். அங்கே மண்ணில் இரும்பு போடுவது வீண், 10 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் ஃபெரஸ் சல்ஃபேட் கரைத்து இலைமேல் தெளியுங்கள், வெயில் தாழ்ந்த பிறகு.

பிடுங்கிய வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கிறது

பயப்படும் முன் விரலால் உருட்டுங்கள். மணி மாதிரி தனியாகக் கழன்று வந்தால், நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அது ரைசோபியம், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகிற பாக்டீரியா குடியிருக்கும் வீடு. அந்தச் சிவப்பு நம் ரத்தத்துச் சிவப்புக்கு உறவுக்காரப் புரதம். உள்ளே வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் குடித்தனம் நடக்கவில்லை என்று அர்த்தம்.

கழலாமல் வேரே வீங்கிப் போய் இஞ்சி மாதிரி இருந்தால், அதுவும் தக்காளி, கத்தரி, வெண்டையில் என்றால், வேர்முடிச்சு நூற்புழு. பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் நல்ல உளுந்து வேரைப் பார்த்து நூற்புழு என்று மருந்து ஊற்றிய கதையும் உண்டு. நூற்புழுவுக்குச் செண்டுமல்லி ஒரு பட்டம், ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு, நாற்றங்காலாக இருந்தால் மே மாத வெயிலில் நனைத்து நாலு முதல் ஆறு வாரம் பாலித்தீன் போர்த்துவது. போர்த்துகிற தாள் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், கருப்புத் தாள் அந்த அளவு சூடேற்றாது.

மண்புழுவே இல்லை

எந்த மாதம் தோண்டினீர்கள்? சித்திரையில் தேடினால் எங்கும் இருக்காது, ஆழத்தில் சுருண்டு தூங்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஓரடி நீளம், அகலம், ஆழத்துக்கு ஒரு கட்டி வெட்டிச் சாக்கில் உடைத்து எண்ணுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால்தான் கவலை.

பலர் செய்கிற தப்பு, மண்புழு உரம் போடுகிற இடத்திலிருந்து புழு வாங்கி வயலில் விடுவது. தொட்டியில் வளர்க்கும் ஐசீனியா, யூட்ரிலஸ் எல்லாம் வெளிநாட்டு இனங்கள், மேலே குவிந்த மட்குக் குப்பையைத் தின்று வாழ்பவை. உழுத வெறும் மண்ணில் விட்டால் ஒரு வாரம் தாங்காது. மண்ணைத் துளைத்து வாழும் நம் நாட்டுப் புழு, லாம்பிட்டோ மாரிட்டி மாதிரி, வரப்பிலும் வேலி ஓரத்திலும் ஏற்கெனவே இருக்கும். நிழலும் ஈரமும் மூடாக்கும் இருந்தால் தானே நடந்து வரும். பாட்டில் நுண்ணுயிர்களைப் பற்றியும் என் கருத்து ஏறக்குறைய இதேதான். ஒரு கிராம் நல்ல மண்ணிலேயே பாக்டீரியா நூறு கோடி வரை இருக்கும், அங்கே இல்லாதது சாப்பாடு. முதன்முதலாகப் பயறு வகை போடுகிற நிலத்துக்கு ரைசோபியம் விதை நேர்த்தி மட்டும் விதிவிலக்கு, அது கைமேல் பலன்.

நெல் வயலில் காலை வைத்தால் அழுகிய முட்டை நாற்றம்

காற்றில்லாமல் மண் மூச்சு முட்டுகிறது. ஒரு நாற்றைப் பிடுங்குங்கள். நல்ல நெல்வேர் துருப் பூசிய பழுப்பாக இருக்கும், வேர் வழியே கசியும் காற்று சுற்றியுள்ள இரும்பைத் துருவாக்குவதால். கருத்துப் போயிருந்தால் கந்தக வாயு வேரைத் தாக்கிவிட்டது. தண்ணீரை வடித்து, மயிர்வெடிப்பு விடும்வரை காயவிட்டுப் பாய்ச்சுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்லி வைத்தது இதற்கும்தான். பச்சைத் தழையை மிதித்த உடனே நடவு செய்த வயலில் இது அதிகம் வரும்.

கரிசலில் கால் நுழைகிற அளவு வெடிப்பு

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கோளாறே இல்லை. கரிசலின் களி ஈரத்தில் வீங்கி வெயிலில் சுருங்குகிற வகை, வெடிப்பு வழியே மேல்மண் உள்ளே விழுந்து, மழைக்கு வீங்கி, மண் தன்னைத் தானே புரட்டிக்கொள்கிறது. கருப்பாக இருக்கிறதே, சத்து நிறைய என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், கரிமச் சத்து அங்கேயும் பெரும்பாலும் 1 சதவீதத்துக்குக் கீழேதான்.

எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் பிடிபடவில்லை

அப்போது பரிசோதனைக்குக் கொடுங்கள். 15 செ.மீ. ஆழத்துக்கு "வி" வடிவில் வெட்டி, பக்கவாட்டில் சீவிய மண், ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடம், கலந்து பரப்பி நாலாகப் பிரித்து எதிரெதிர் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோ ஆக்கிக்கொள்ளுங்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குவி இருந்த இடம் வேண்டாம். அறிக்கையில் கரிமச் சத்து 0.5க்குக் கீழ் என்றால் குறைவு, 0.75க்கு மேல் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

அறிக்கை வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். பழைய பருத்தி வேட்டியை இரண்டாகக் கிழித்து, ஒன்றை வேலியோர மரத்தடியிலும் மற்றதை நடு வயலிலும் ஒரு சாண் ஆழத்தில், ஈரம் இருக்கும் பருவத்தில் புதைத்து, இரண்டு மாதம் கழித்து எடுங்கள். பருத்தி முழுக்க முழுக்கச் செல்லுலோஸ், நுண்ணுயிர்களுக்கு நல்ல தீனி. எனக்கு மரத்தடியில் கிடைத்தது பாலியெஸ்டர் கரை மட்டும். நடு வயலில் புதைத்ததைத் துவைத்துக் காயப்போட்டு, வண்டி துடைக்க இன்னும் வைத்திருக்கிறேன்.